கல்லு வச்ச கை

வாங்க, உள்ள வாங்க. செருப்பை அங்கயே விட்டுருங்க. பூட்டிக் கிடந்த இடம், கொஞ்சம் வாடை வரும், ஜன்னலைத் திறந்துட்டாப் போயிரும். இதுதானுங்க கட்டில். தலைமாட்டுல ஓட்டை இருக்குது பாருங்க, கவுந்து படுக்கறவங்க முகத்தை அதுல வச்சுக்கிட்டா மூச்சு முட்டாது. உடம்புல வச்சு நீவற கல்லு பூராவும் இந்த ரெண்டு பெட்டியில. கறுப்பெல்லாம் சுட வைக்கறது. இந்தக் கரண்டு அண்டாவுல தண்ணி ஊத்திப் போட்டா சூடு ஏறி அப்படியே நிக்கும். வெள்ளையெல்லாம் பளிங்கு, ஐஸ் தண்ணியில போட்டு வைக்கறது. கையில எடுத்துப் பாருங்க, சும்மா எடுங்க. சோப்புக்கட்டி மாதிரி வழுவழுன்னு இருக்குதல்ல.

ஏன் விக்கறீங்கன்னு கேக்கறீங்க. கேக்க வேண்டியதுதான். கல்லுல குத்தம் இல்லைங்க. கட்டில்லயும் குத்தம் இல்லை. வடவள்ளியில பொம்பளைங்களுக்குன்னு இப்படி ஒரு இடம் வேற கிடையாது, ஆளுங்க வராமயும் இல்லை. ஒருத்தியை நம்புனேன், அதுல வந்த வினை.

உக்காருங்க, சொல்றேன். கட்டில் மேலயே உக்காருங்க, தாங்கும்.

அவ பேரு தேவகி. எங்க வீட்டுக்காரரோட கூடப்பொறந்த தங்கச்சி. என்னை நங்கையான்னு கூப்பிடுவா, அண்ணியை எங்க பக்கம் அப்படித்தான் சொல்றது. நீங்க திருச்சிப் பக்கமா? பேச்சுலயே தெரியுது. அவளைக் கட்டிக் குடுத்த இடம் சரியில்லைங்க. புருஷன்காரன் இன்னொருத்தி கூடப் போயிட்டான், புள்ளையும் இல்லை. ஊட்டியில ஒரு பெரிய ஓட்டல்ல மசாஜ் பண்ற வேலைக்குச் சேர்ந்தா, அங்கதான் இந்தக் கல்லு வைக்கறதெல்லாம் படிச்சது. அந்த ஓட்டலை மூடினதும் போக்கிடம் இல்லாம எங்க வாசல்ல ஒரு பையோட வந்து நின்னா. அவ அண்ணன்கூடக் கொஞ்சம் யோசிச்சார். நான் யோசிக்கலைங்க. மாடி ரூமை ஒழிச்சுக் குடுத்தேன், ஃபேன் மாட்டிக் குடுத்தேன். அந்தப் பையைத் தூக்கிட்டுப் போனது நான்தான். கனம்னா அப்படி ஒரு கனம். திறந்து பாத்தா துணியை விடக் கல்லுதான் அதிகம்.

கடை போடற யோசனையும் என்னுதுதான். ஒரு நாள் எனக்கு இடுப்பு புடிச்சுக்கிச்சு, திரும்ப முடியல. அவ ரூமுல பாயை விரிச்சுப் படுக்கப் போட்டு, அடுப்புல சட்டி வச்சுக் கல்லைச் சுட வச்சா. ஒவ்வொரு கல்லையும் எடுத்து முதல்ல அவ கைக்குள்ளயே கொஞ்ச நேரம் வச்சிருப்பா. அப்புறம் எண்ணெயைத் தடவி, அந்தக் கல்லாலயே முதுகை நீவி விடுவா. சூடு உள்ள இறங்குது பாருங்க, அது எலும்பு வரைக்கும் போகும். கடைசியில குளுந்த கல்லு ஒண்ணைப் பிடரியில வச்சா. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு, ஏன்னு இன்னிக்கு வரைக்கும் தெரியல. எந்திரிச்சதும் சொன்னேன், "தேவகி, நாம இதை வச்சு ஒரு கடை போடறோம்."

'கலா ஸ்டோன் தெரபி'ன்னு போர்டு வச்சோம். என் பேரு கலாமணி. ராசியான பேருன்னு ஜோசியர் சொன்னாருங்க, அதான். அவளுக்கு அதுல ஒண்ணும் வருத்தம் இருந்த மாதிரித் தெரியல.

வேலையைச் சமமாத்தான் பிரிச்சுக்கிட்டோம். போன் எடுக்கறது, வர்றவங்களை உக்கார வச்சுப் பேசறது, டீ குடுக்கறது எல்லாம் நான். உள்ள கட்டில்கிட்ட வேலை அவளுது. கடைன்னா வாய்தானுங்க முக்கியம். அவளுக்கு வாயே கிடையாது. கேட்டதுக்குப் பதில், அத்தோட சரி. நான் இல்லைன்னா அந்தக் கடைக்கு ஒரு ஈ வந்திருக்காது.

பாத்துப் பாத்து நானும் கத்துக்கிட்டேன். அவ வருஷக்கணக்கா ஊட்டியில படிச்சதை நான் இந்தக் கதவோரம் நின்னே புடிச்சுக்கிட்டேன். கூட்டம் வந்தா நானும் ஒரு கை குடுக்கலாம்னுதான். ஆனா அவ விட மாட்டா. "நீங்க கல்லைத் தொட வேண்டாம் நங்கையா, நான் பாத்துக்கறேன்"ம்பா. முதல்ல நான் அதை மரியாதைன்னு நெனச்சேன். அப்புறந்தான் புரிஞ்சுது, தொழிலைத் தன் கையை விட்டு விட அவளுக்கு மனசில்லை.

ஆனா நல்லா இருந்தோம்ங்க. பொய் சொல்லக் கூடாது. மத்தியானம் இந்தக் கட்டில்லயே எதிரும் புதிருமா உக்காந்து ஒரே டப்பாவுல சாப்பிடுவோம். ரசத்துல கிடக்கற தக்காளியை எனக்குத் தள்ளி விடுவா, எனக்குப் புடிக்கும்னு. எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி யாரும் இல்லை. இவதான்னு நெனச்சிருந்தேன்.

இங்க எஸ்தர் டீச்சர்னு ஒருத்தங்க வருவாங்க. ஸ்கூல்ல கணக்கு டீச்சரா இருந்து ரிட்டையர் ஆனவங்க. வீட்டுக்காரர் தவறிட்டார், ஒரே பொண்ணு ஷீபா துபாய்ல. ரெண்டு தெரு தள்ளி தனியா இருந்தாங்க. நம்ம கடைக்கு அவங்க பெரிய பலம்ங்க. சர்ச்சுல இருந்து அவங்க கூட்டிட்டு வந்தவங்கதான் பாதிப் பேரு. வந்தா எங்கிட்ட நல்லா சிரிச்சுப் பேசுவாங்க, ஆனா உள்ள போனதும் தேவகி தேவகின்னு ஒரே உருகல். பல வருஷமா சுகர் அவங்களுக்கு. பாதம் மரத்துப் போயிருந்துச்சு. அதனால தேவகி அவங்களுக்கு முதுகு, தோளுக்கு மட்டும் கல்லு வைப்பா. காலுக்குக் கை எண்ணெய்தான். விரல் இடுக்கெல்லாம் துடைச்சு விட்டு, ஏதாவது கீறல் இருக்குதான்னு வேற பாப்பா. "டீச்சர் காலுக்கு மட்டும் கல்லு வேண்டாம் நங்கையா"ன்னு எங்கிட்டயும் ஒரு தடவை சொல்லி வச்சிருந்தா. சும்மா ஒரு பேச்சுக்குச் சொல்றான்னு விட்டுட்டேன். சுடுதுன்னு தெரியாதவங்களுக்குக் கல்லு வச்சா என்ன கெட்டுப் போகுது, சொல்லுங்க. நம்மளை மாதிரி ஆ ஊன்னு கத்தவா போறாங்க.

கிறிஸ்மஸுக்கு முன்னாடி நல்ல கூட்டம். டீச்சருக்கு முதுகை முடிச்சுட்டு தேவகி பக்கத்து ரூமுக்குப் போகணும், அங்க ஒருத்தங்க காத்துட்டு இருந்தாங்க. டீச்சர் அப்படியே கவுந்து தூங்கிட்டாங்க. போர்வையை இழுத்துப் போத்திட்டு தேவகி சொன்னா, "கொஞ்சம் தூங்கட்டும் நங்கையா. நான் வந்து எழுப்பறேன்."

நான் எட்டிப் பாத்தா அவங்க பாதம் ரெண்டும் போர்வைக்கு வெளிய இருக்குது. மார்கழிக் குளிரு. தொட்டுப் பாத்தேன், ஐஸுங்க. வயசானவங்க, எத்தனை பேரைக் கூட்டிட்டு வந்தவங்க, இப்படிக் குளுந்து கிடக்கறாங்களேன்னு எனக்கு மனசு கேக்கல. அண்டாவுல இருந்து ரெண்டு கறுப்புக் கல்லைக் கரண்டியில அள்ளினேன், கையில புடிக்க முடியல. பாதத்துக்கு ஒண்ணா வச்சு, நழுவாம இருக்கட்டும்னு துண்டால சுத்திக் கட்டுனேன். சும்மா வைக்கலைங்க, கேட்டுத்தான் வச்சேன். "சூடு போதுங்களா டீச்சர்"னு கேட்டேன். "ம்"னாங்க. நல்லா ஞாபகம் இருக்குது, "ம்"னாங்க.

அந்நேரம் பாத்து பொள்ளாச்சியில இருந்து எங்க அண்ணன் சம்சாரம் போன். அவங்க பொண்ணுக்கு நிச்சயம், எந்தக் கலர்ல சேலை எடுக்கறதுன்னு. எடுக்காம இருக்க முடியுங்களா. முறை செய்யறவ நான். பேசிட்டு இருந்ததுல நேரம் போனதே தெரியல.

திரும்பி வந்தா தேவகி உள்ள நிக்கறா. துண்டை அவுத்துட்டு இருக்கறா. பாதம் ரெண்டும் செக்கச் செவேல்னு. வலது கால் பெருவிரல்கிட்டத் தோல் வெளுத்துப் போயிருந்துச்சு. சொம்புல தண்ணியை எடுத்து மெதுவா ஊத்திட்டே இருந்தா. நான் ஓடிப் போய் ஐஸ்ல கிடந்த பளிங்குக் கல்லை எடுத்துட்டு வந்தேன். சூட்டுக்குக் குளிர்ச்சிதானே மருந்து. அவ என் கையைத் தட்டி விட்டா. "ஐஸ் வேண்டாம்"னா. இத்தனை வருஷத்துல அவ என் கையைத் தட்டினது அப்பத்தான்.

டீச்சர் முழிச்சுக்கிட்டு, "என்னம்மா, தண்ணி சத்தம் கேக்குது, மழையா"ன்னு கேட்டாங்க. வலிக்குதுங்களான்னேன், இல்லையேன்னாங்க. வலிக்கவே இல்லைங்கறாங்க, அப்புறம் என்ன. ஆனா தேவகி விடல. கால்ல சூடு பட்டுருச்சு டீச்சர்னு சொல்லி, ஆட்டோ புடிச்சு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டா. அங்க காத்துட்டு இருந்தவங்களுக்கு நான் பதில் சொல்ல வேண்டியதாப் போச்சு.

மருந்து போட்டும் ஆறலைங்க. சுகர் உடம்பு. பொங்கல் சமயத்துல அந்தப் பெருவிரலை எடுக்கும்படி ஆயிருச்சு. எனக்கும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. கல்லு என்ன பண்ணும், அவங்க உடம்பு அப்படி.

பொண்ணு ஷீபா துபாய்ல இருந்து வந்துச்சு. நேரா கடைக்குத்தான் வந்துச்சு. முன்னால நாலஞ்சு பேர் உக்காந்திருக்கறாங்க. "எங்கம்மா கால்ல கல்லு வச்சது யாரு"ன்னுது. தேவகி அந்தக் கதவுகிட்ட நிக்கறா, கையில துண்டோட. நான் என்ன சொல்லட்டும்? முறையாப் படிக்காத நான் வச்சேன்னு சொன்னாக் கடையை அன்னிக்கே இழுத்து மூட வேண்டியதுதான். தேவகின்னா படிச்சவ, கையில சர்ட்டிபிகேட் இருக்குது, கை தவறி நடந்துருச்சுன்னு போயிரும். ஒரு நிமிஷத்துல இத்தனையும் யோசிச்சுத்தான் சொன்னேன், "டீச்சரை எப்பவும் பாக்கறது தேவகிதானுங்க"ன்னு. அதுல பொய் இருக்குதா? அவதானே எப்பவும் பாக்கறது.

அந்தப் பொண்ணு அவளை என்னென்னவோ பேசிருச்சு. கொலைகாரின்னு கூட ஒரு வார்த்தை வந்துச்சு. தேவகி எம்பக்கம் ஒரு பார்வை பாத்தா. வாயைத் திறக்கல. எனக்கு எவ்வளவு நிம்மதியா இருந்துச்சு தெரியுங்களா. குடும்பம்னா இதுதான், ஒருத்தருக்காக ஒருத்தர் தாங்கறதுன்னு நெனச்சேன். அன்னிக்குச் சாயந்திரம் அவளுக்குப் புடிச்ச அரிசிம்பருப்புச் சோறு ஆக்கி, நெய்யி தாராளமா ஊத்தி, நானே மாடிக்குக் கொண்டு போய்க் குடுத்தேன். காலையில பாத்தா வச்சது வச்ச மாதிரி இருந்துச்சு.

எங்க வீட்டுக்காரர் காதுக்கும் விஷயம் போயிருச்சு. தங்கச்சியைக் கூப்பிட்டு நிக்க வச்சுத் திட்டுனார். "ஒரு வயசானவங்க காலைக் கெடுத்துட்டு வந்து நிக்கறியே, அப்படி என்ன கவனக்குறைவு"ன்னு. அவ தலையைக் குனிஞ்சுட்டு நின்னா. நான்தானுங்க குறுக்க போய், "விடுங்க பாவம், மனுஷங்கன்னா கை தவறத்தான் செய்யும்"னு அவளுக்காகப் பரிஞ்சு பேசுனேன். அதையெல்லாம் அவ நெனச்சுப் பாக்கலையே.

கொஞ்ச நாள் கழிச்சு வந்து கேட்டா, "நங்கையா, வெளிய சொல்ல வேண்டாம். எங்கண்ணங்கிட்ட மட்டும் சொல்லிருங்க."

"எல்லாம் ஆறட்டும் தேவகி. இப்பச் சொன்னா வீணாச் சண்டை வரும்"னேன்.

"எப்ப ஆறும்"னு கேட்டா.

நான் டீ போட எந்திரிச்சுப் போயிட்டேன்.

சர்ச்சு ஆளுங்க வர்றது நின்னு போச்சு. ஷீபா போலீஸுக்குப் போகப் போகுதுன்னு வேற பேச்சு. நான் ஒரு முடிவுக்கு வந்தேன். நேர்ல போய் மன்னிப்புக் கேட்டுட்டா அடங்கிரும். ஆப்பிளும் மாதுளையும் வாங்கி, தேவகியை என் வண்டியிலயே பின்னால உக்கார வச்சுக் கூட்டிட்டுப் போனேன். போற வழியில சொல்லிக் குடுத்தேன், "நீ நிறையப் பேச வேண்டாம். தெரியாம நடந்துருச்சு, மன்னிச்சிருங்க டீச்சர்னு மட்டும் சொல்லு. மத்ததை நான் பாத்துக்கறேன்." சரின்னும் சொல்லல, மாட்டேன்னும் சொல்லல. நான் சரின்னு எடுத்துக்கிட்டேன்.

டீச்சர் சேர்ல உக்காந்திருந்தாங்க, கட்டுப் போட்ட காலை ஸ்டூல் மேல வச்சுக்கிட்டு. என்னைப் பாத்துத் தலையை ஆட்டுனாங்க. அவளைப் பாத்ததும் முகமே வேற மாதிரி ஆயிருச்சு.

"ஏம்மா, இத்தனை நாளா ஒரு நடை வரலையே நீ. விரல் போனதுகூட எனக்குப் பெருசில்லை"ன்னாங்க.

ஷீபா பின்னால நின்னுட்டு, "மம்மி"ன்னுது.

"நீ சும்மா இரு. நான் கேட்டுக்கறேன்." டீச்சர் தேவகியைக் கிட்டக் கூப்பிட்டாங்க. இவ போய் ஸ்டூலுக்குப் பக்கத்துல தரையில உக்காந்துக்கிட்டா. "நீ வச்சதுன்னு ஷீபா சொல்றா. நான் தூங்கிட்டேன், எனக்குத் தெரியல. நீ வச்சிருந்தா வச்சேன்னு சொல்லும்மா. அதுக்காக உன்னை நான் வேண்டாம்னு சொல்லிர மாட்டேன்."

நான் பின்னால நின்னு அவ தோளை லேசாத் தட்டுனேன். சொல்லுன்னு.

"உங்களைத் தனியா விட்டுட்டுப் போனது என் தப்புங்க டீச்சர். அதுக்கு மன்னிச்சிருங்க"ன்னா. நானும் அப்பாடான்னு மூச்சு விட்டேன். உடனே அடுத்த வார்த்தை, "கல்லு வச்சது நானில்லைங்க."

கேட்டீங்களா. நான் கூட்டிட்டுப் போன இடம். நான் வாங்கிட்டுப் போன பழம் இன்னும் என் கையில இருக்குது.

என் பேரை அவ சொல்லலைங்க, அது வாஸ்தவம். ஆனா கடையில எங்க ரெண்டு பேரை விட்டா வேற யாரு இருக்கறா? டீச்சரும் பொண்ணும் திரும்பி என்னைப் பாக்கறாங்க. இவ மட்டும் பாக்கல, டீச்சர் கால்ல போட்டிருந்த கட்டையே பாத்துட்டு உக்காந்திருக்கறா. நான் சொன்னேன், "டீச்சர், நான் உங்களைக் கேட்டுத்தானே வச்சேன். சூடு போதுங்களான்னேன், நீங்கதானே ம்னு சொன்னீங்க."

டீச்சர் கோபப்படலைங்க. கோபப்பட்டிருந்தாத் தேவலை. "தூக்கத்துல சொன்னது கலாமணி. தேவகி கேக்கறான்னு நெனச்சுச் சொல்லிருப்பேன்"னாங்க. அவ்வளவுதான். போலீஸ் எல்லாம் வேண்டாம்னு பொண்ணுகிட்டயும் சொல்லிட்டாங்க. ஷீபாதான் வாசல் கதவைத் திறந்து புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. நான் கிளம்பினேன். தேவகி எந்திரிக்கல.

அன்னிக்கே மாடி ரூமைக் காலி பண்ணிட்டா. டீச்சர் வீட்டுலயே தங்கிக்கிட்டா. ஷீபா துபாய்க்குத் திரும்பிப் போகணும், அவங்களைப் பாத்துக்க ஆள் வேணும், இவளுக்கு அமைஞ்சு போச்சு. அவ கொண்டு வந்த கல்லை மட்டும் எடுத்துட்டுப் போனா. இதெல்லாம் நம்ம கடைக்குன்னு வாங்குனது, இதுல ஒண்ணைக்கூடத் தொடலை.

எங்க வீட்டுக்காரருக்கும் தெரிஞ்சு போச்சுங்க. மாடிக்குப் போய் அந்த வெறும் ரூமுல கட்டாந்தரையில ரொம்ப நேரம் உக்காந்திருந்தார். இறங்கி வந்து, "நான் அவளைத் திட்டும்போது நீ பக்கத்துலதானே நின்ன"ன்னு கேட்டார். அதுக்கப்புறம் எங்கிட்டப் பேச்சைக் குறைச்சுக்கிட்டார். வேணும் வேண்டாம்னு மட்டும். ஞாயித்துக்கிழமையானா அங்க சாப்பாடு. கட்டுன பொண்டாட்டி இங்க இருக்கறேன், தங்கச்சி கைச்சோறுதான் இனிக்குது.

நான் எல்லாருக்கும் நல்லதுதான் பண்ணுனேன். தங்க இடம் குடுத்தேன், தொழில் அமைச்சுக் குடுத்தேன், டீச்சருக்குக் குளிருதேன்னு பாத்தேன். கடைசியில எல்லாரும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். மத்தியானம் இந்தக் கட்டில்ல தனியா உக்காந்து டப்பாவைத் திறந்தா எறங்க மாட்டேங்குதுங்க. அதான் பூட்டிட்டேன்.

போன வாரம் அந்த வழியாப் போக வேண்டி வந்துச்சு. டீச்சர் வாசல்ல நடந்து பழகிட்டு இருந்தாங்க, தேவகி தோளைப் புடிச்சுக்கிட்டு. ஏனோ வண்டியை நிறுத்திட்டேன். இவ என்னைப் பாத்தா. மூஞ்சியைத் திருப்பிக்குவான்னு நெனச்சேன். "சாப்டீங்களா நங்கையா"ங்கறா. எப்படிங்க வருது அந்த வார்த்தை? இத்தனையும் பண்ணிட்டு, எதுவும் நடக்காத மாதிரி. நான் வண்டியை எடுத்துட்டு வந்துட்டேன்.

சரி, என் கதையே பேசிட்டு இருக்கறேன். கட்டில் புடிச்சிருக்குதுங்களா? விலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாம், புடிச்சவங்க கைக்குப் போனாச் சரி. ஆமா, உங்களுக்கு என் நம்பர் எப்படிக் கிடைச்சுது? விக்கறதை எங்க வீட்டுக்காரரைத் தவிர நான் இன்னும் வெளிய யாருக்கும் சொல்லக்கூட இல்லையே.

யாரு?

தேவகியா.

அவளா உங்களை அனுப்புனா? என்ன சொல்லி அனுப்புனா? கல்லு நல்ல கல்லு, நம்பி வாங்கலாம்னாளா. அப்புறம்? இல்லைங்க, என்னைப் பத்தி என்ன சொன்னா? மறைக்காமச் சொல்லுங்க, நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். அண்ணிதான், நல்லாப் பேசுவாங்கன்னாளா. அதுக்கு மேல? டீச்சர் காலைப் பத்தி, அந்தப் பொண்ணு வந்து கத்துனதைப் பத்தி, ஒரு வார்த்தைகூடவா சொல்லல?

அப்ப இத்தனையும் என் வாயில இருந்துதான் கேட்டீங்களா.

பாத்தீங்களா. அவ அப்படித்தானுங்க. தான் ஒண்ணும் சொல்லாமயே நம்மளைச் சொல்ல வச்சுருவா.